வீட்டில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்தால்

போன ஐப்பசி மழையில் ஒரு காலை, என் சின்ன மகன் "அம்மா, கண்ணைத் திறக்க முடியலை" என்று அழுதுகொண்டே எழுந்தான். இமைகள் பீளையில் ஒட்டிக் கிடந்தன. அடுத்த பத்து நாளுக்குள் பெரியவளுக்கும் எனக்கும் வந்துவிட்டது. மூன்று பேரும் குளியலறைக் கொடியில் தொங்கிய ஒரே துண்டில்தான் முகம் துடைத்துக்கொண்டிருந்தோம். தன் துண்டை யாரையும் தொடவிடாத என் மாமியாருக்கு மட்டும் வரவில்லை.

1918இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். கண்ணின் வெள்ளையையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கிச் சிவப்பதுதான் நோய். பெரும்பாலும் அடினோவைரஸ் என்ற கிருமியால் வருகிறது. பார்ப்பதால் ஒட்டாது. கண்ணைத் தொட்ட கை வேறு எதையாவது தொட, அதைத் தொட்டவர் தன் கண்ணைக் கசக்க, இப்படித்தான் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு இதமே தவிர, பரவாமல் தடுக்காது.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. தண்ணீராக வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, காதுக்கு முன்னால் நெறி கட்டினால் அநேகமாக வைரஸ். மஞ்சளாக, பச்சையாகக் கெட்டிப் பீளை வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குத்தான் ஆன்டிபயாடிக் சொட்டு. இரண்டு கண்ணிலும் அரிப்பு தாங்கவில்லை, தும்மலும் வருகிறது என்றால் அலர்ஜி. அது யாருக்கும் ஒட்டாது.

நான் செய்த பெரிய தவறு, மகனுக்கு மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கியது. இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. கண் டாக்டர் பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு, இதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது என்றார். அது சிவப்பை மறைக்குமே தவிர வைரஸைக் கொல்லாது. ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் கருவிழியையே புண்ணாக்கிவிடும், சிலருக்குக் கண் அழுத்தத்தையும் ஏற்றும். தயவுசெய்து டாக்டர் சொல்லாமல் எந்தச் சொட்டும் வாங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதுவும் கண்ணில் விடவேண்டாம்.

வைரஸ் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு முறைக்குத்தான். மறு கண்ணுக்கு வேறு பஞ்சு. குளிர்ந்த நீரில் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைத்தால் எரிச்சல் அடங்கும். உறுத்தல் அதிகமானால் டாக்டர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எழுதித் தருவார்.

அதைவிடப் பெரிய வேலை கை கழுவுவது. சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், இந்தக் கிருமிக்கு அது அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் சரி. துண்டு, தலையணை உறை, சொட்டு மருந்து எல்லாம் ஆளுக்கொன்று. செல்போனையும் கதவுப்பிடியையும் துடையுங்கள். திறந்த கண்மையைத் தூக்கிப் போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் ஆறும்வரை வேண்டவே வேண்டாம். நீர் வடிவது நிற்கும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

கண் குத்தி வலித்தால், வெளிச்சம் பட்டாலே தாங்கவில்லை என்றால், பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தாலும் அப்படித்தான். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை தள்ளினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெரியவளுக்குச் சிவப்பெல்லாம் போன பிறகும் கரும்பலகை மங்கலாகவே தெரிந்தது. பதறிப்போய் மறுபடி காட்டினோம். கருவிழியில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன, மெதுவாக மறையும் என்றார் டாக்டர். பொங்கலுக்குள் மறைந்துவிட்டன.