பிரதிகூலம்: ஆற்றங்கரையில் பிறந்த சொல்

பாசன மனுக்களில் 'விவசாயிகளுக்குப் பாதகம்' என்று எழுதும் டெல்டா நண்பர்கள், தடையைக் குறிக்கும் ஒரு வடசொல்லும், 'பஞ்சமாபாதகம்' என்பதில் வரும் பாவத்தைக் குறிக்கும் வேறொரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றுவிட்டதை நினைவில் கொள்வது நல்லது. ஐயத்துக்கு இடமின்றி எழுத விரும்பினால் 'பிரதிகூலம்' உண்டு. வடமொழியில் 'கூலம்' என்றால் ஆற்றங்கரை. கரையை ஒட்டிப் போவது அனுகூலம், கரைக்கு எதிராகப் போவது பிரதிகூலம் என்பதே அவற்றின் மூலப்பொருள். குடமுருட்டியிலோ வெண்ணாற்றிலோ புதுத்தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. (பூம்புகாரின் கூலவீதியில் வரும் கூலம் தானியத்தைக் குறிப்பது, அது வேறு.) பேச்சில் 'பிரதிகூலம்' சற்று விறைப்பாக ஒலிக்கும் என்பதால், அங்கே 'நட்டம்', 'இடைஞ்சல்' என்பனவே பொருந்தும்.