செர்வோ ஆர்ம் 90 பாகையில் நிற்கட்டும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் திடலில் காலை வேளையில் ரிமோட் ஹெலிகாப்டரைப் பறக்கவிட வேண்டுமானால், செர்வோ (ஸ்வாஷை அசைக்கும் சின்ன மோட்டார் பெட்டி) ஆர்மை, அதாவது அதன் தண்டில் மாட்டும் கையை, நேராகப் பொருத்தும் இந்த வேலையை முதல் நாள் இரவே மேசையில் முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது.

முதலில் மோட்டார் வயர்களைக் கழற்றுங்கள். பிளேடையும் கழற்றிவிட்டால் நல்லது. ரிமோட்டில் டிரிம், சப்-டிரிம் (செர்வோவின் நடு நிலையை நுணுக்கமாக நகர்த்தும் அமைப்புகள்) எல்லாம் பூஜ்ஜியம், ஸ்டிக் நடுவில். ஃபிளைபார்லெஸ் யூனிட் (ஜைரோ உணரியால் ஹெலியை நிலைப்படுத்தும் கருவி) என்றால் அதன் செட்-அப் மோடில்தான் செய்ய வேண்டும், ஜைரோ திருத்தம் குறுக்கிடக் கூடாது.

இப்போது ஆர்மைப் பொருத்துங்கள். 90 பாகை என்பது செர்வோப் பெட்டிக்கு அல்ல, ஆர்மையும் ஸ்வாஷையும் (ரோட்டருக்குக் கீழே சாயும் தட்டு) இணைக்கும் லிங்க் கம்பிக்கு. பலரும் தவறுவது இங்கேதான். 25 பல் உள்ள செர்வோத் தண்டில் ஒரு பல் 14.4 பாகை. நாலு கை ஆர்மில் கையை மாற்றிப் போட்டால் 3.6 பாகை வரை நெருங்கலாம். மிச்சத்துக்கு மட்டும் சப்-டிரிம். வேண்டாத கைகளைப் பிறகு வெட்டிவிடுங்கள்.

மூன்று செர்வோவிலும் பால் (லிங்க் கம்பி மாட்டும் உருண்டை, ball) ஒரே தூரத்தில், மேனுவல் சொல்லும் துளையில் இருக்க வேண்டும். வெளித் துளைக்குப் போனால் கம்பி நகரும் தூரம் கூடும், பலமும் துல்லியமும் குறையும்.

ஸ்வாஷ் சாய்ந்தால் கம்பி நீளத்தில் சரிசெய்யுங்கள். கலெக்டிவ் (எல்லா பிளேடின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் கட்டுப்பாடு) நடுவில் இருக்கும்போது மட்டமாக இருந்து, உச்சியில் சாய்ந்தால் ஏதோ ஓர் ஆர்ம் 90-ல் இல்லை. அதோடு பறந்தால் கலெக்டிவ் கொடுக்கும்போதெல்லாம் ஹெலி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆர்ம் ஸ்க்ரூவுக்கு நீலத் திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு போதும், அதுவும் உலோகப் பல் செர்வோவுக்கு மட்டும்.