மேப்ல காணாம போன அமெரிக்க ஊரைத் தேடுறீங்களா? போஸ்ட் ஆபீஸ் ரெக்கார்டு பாருங்க

அமெரிக்காவுல இப்போ மேப்லயே இல்லாத குட்டி ஊரு எதையாவது தேடுறீங்கன்னா, முதல்ல அந்த நாட்டு நேஷனல் ஆர்க்கைவ்ஸ் (அரசு ஆவணக் காப்பகம்) சைட்ல 1837-1950 போஸ்ட் ஆபீஸ் லொகேஷன் ரிப்போர்ட்டை எடுங்க, ஃப்ரீ தான். மாநிலம், அப்புறம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா இருக்கும். பக்கத்து ஆறு எவ்ளோ தூரம், ரயில் பாதை எந்தப் பக்கம்னு போஸ்ட்மாஸ்டரே எழுதி, நிறைய ஃபார்ம்ல கையால ஒரு மேப்பும் வரைஞ்சிருப்பாரு, அதைப் பார்க்கும்போது மனசு என்னமோ பண்ணும்ங்க.

ஊரு பேரு மாறியிருந்தா 1832-1971 போஸ்ட்மாஸ்டர் நியமன ரிஜிஸ்டரைப் பாருங்க, ஆபீஸ் மூடின தேதி, தபாலை எந்த ஊருக்கு மாத்துனாங்கன்னு அதுலயே குறிச்சிருப்பாங்க. 1902ல கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோற திட்டம் நிரந்தரமானப்புறம் நிறைய சின்ன ஆபீஸை மூடிட்டாங்க, அதனால அந்த வருஷங்களை மட்டும் விட்டுடாதீங்க.