ஆண்கள் சென்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? வெட்டிவேரிலிருந்து தொடங்கலாம்

"எந்த சென்ட் நல்லா இருக்கும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அதில் பாதி அந்த மாதம் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும் பெயராக இருக்கும். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். என்ன வாசனை பிடிக்கும் என்பது உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே தெரியும். கடைக்காரர்கள் அதை எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதுதான் தெரியாது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

முதலில் ஒரு தாளில் உங்களுக்குப் பிடித்த வாசனைகளை எழுதுங்கள். சென்ட் பெயர் ஒன்றுகூட வேண்டாம். மண்பானைத் தண்ணீரில் போட்ட வெட்டிவேர், அரைத்த சந்தனம், கசக்கிய நாரத்தை இலை, சலூனில் ஷேவ் முடிந்ததும் முகத்தில் தடவுவது, பெட்ரோல் பங்க், புதுச் செருப்பின் தோல், ஏலக்காய், சாம்பிராணிப் புகை, முதல் மழையில் கிளம்பும் மண்வாசனை, எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்திலேயே பிடிக்காததையும் எழுதுங்கள், அந்தப் பட்டியல் இன்னும் முக்கியம். ஏனென்றால் பிடித்த சரக்கு பல சேர்ந்திருந்தாலும் பிடிக்காதது ஒன்று உள்ளே இருந்தால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும், எதனால் வந்தது என்றும் தெரியாது.

வெட்டிவேர் உங்கள் பட்டியலில் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள், ஆண்கள் சென்ட்டில் இதை வைத்து அவ்வளவு நல்ல வேலை நடந்திருக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு ஹைத்தியில் எடுப்பது, ஜாவாவிலும் எடுக்கிறார்கள், நம் கடலூர்ப் பக்கமும் வெட்டிவேர் பயிர் உண்டு. ஹைத்தி எண்ணெய் சுத்தமாக இருக்கும், ஜாவா எண்ணெயில் புகை வாடை தூக்கலாக இருக்கும். கடையில் 'வெட்டிவர்' என்று கேட்டால் காட்டுவார்கள். மூன்றை மட்டும் முகர்ந்து பாருங்கள். கெர்லானின் வெட்டிவர் 1959இல் வந்தது, மேலே எலுமிச்சை வகைப் பழங்கள், நடுவில் ஜாதிக்காயும் புகையிலையும், அடியில் வேர், குளித்து முடித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். லாலிக்கின் ஆங்க்ர் நுவார் 2006இல் வந்தது, இதில் வேரோடு சைப்ரஸ் மரம், ஈரமான இருண்ட காட்டுக்குள் நிற்கும் உணர்வு. சிலருக்கு இது துக்க வீட்டு வாடையாகத் தோன்றுகிறது, எனக்கு ஐப்பசி கார்த்திகை மழைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்ததில்லை. ஹெர்மெஸின் டெர் டெர்மெஸ், இதுவும் 2006, ழான் க்ளோத் எலேனா செய்தது, ஆரஞ்சும் மிளகும் முதலில் வரும், பிறகு வெயிலில் காய்ந்த கல்லின் வாடை போல ஒன்று, வேர் கடைசியில் மெதுவாகத்தான் வெளியே வரும்.

மூன்றிலும் அடிப்படையாக இருப்பது அதே வேர்தான். எதில் மனசு நின்றது என்று கவனித்தால் உங்களுக்கு அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலாவது பிடித்தவர் எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்), நெரோலி (ஆரஞ்சு வகைப் பூவின் எண்ணெய்) வகைகளைத் தேடலாம், இரண்டாவது பிடித்தவர் சிடார் மரம், பச்சோலி என்ற இலை, புகை வாசனைகள் பக்கம் போகலாம், மூன்றாவது பிடித்தவருக்கு மிளகு, ஏலக்காய், இஞ்சி போட்டவை ஒத்துவரும். இன்னொன்று, முடிந்தால் ரூ கஸ் ஒரு சிறு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் வெட்டிவேரை வடித்து எடுக்கும் சுத்த எண்ணெய் அது, செம்பு பட்டுப் பச்சையாக இருக்கும், விலை அதிகம், போலியும் அதிகம், ஆனால் உண்மையான ஒரு சொட்டை முகர்ந்துவிட்டால் பிறகு எந்த சென்ட்டிலும் வேர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூக்கு தானே சொல்லிவிடும்.

சந்தனம் பிடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்லில் உரசிய சந்தன விழுதின் பால்மணத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாட்டிலில் 'சாண்டல்வுட்' என்று போட்டிருப்பது அநேகமாக ஆய்வுக்கூடத்தில் செய்த மூலப்பொருள், அல்லது வேறு வகை ஆஸ்திரேலிய சந்தனம், இரண்டும் கொஞ்சம் வறண்டு இருக்கும். லே லாபோவின் சாண்டல் 33 உலகம் முழுக்கப் பேசப்பட்டது, ஆனால் அதில் தோலும் சிடாரும்தான் முன்னால் நிற்கின்றன, சிலருக்கு வெள்ளரி ஊறுகாய் வாடைகூட வரும். வீட்டுச் சந்தனம்தான் வேண்டும் என்றால் அத்தர் கடைக்குப் போவது நல்லது.

சலூன் வாசனை பிடித்தவர்கள் 'ஃபூஜேர்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காக போல் பார்க்கே செய்த ஃபூஜேர் ரொயாலிலிருந்து இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, கூமரின் என்ற இனிப்பான வைக்கோல் வாசனை, இந்த மூன்றும்தான் அதன் எலும்புக்கூடு. கூமரினை 1868இலேயே பெர்கின் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார், அதை சென்ட்டுக்குள் துணிந்து கொண்டுவந்தது ஃபூஜேர் ரொயால்தான். ப்ரூட், அசாரோ பூர் ஓம், டிரக்கார் நுவார் எல்லாம் இந்த வழியில் வந்தவை. இளைஞர்கள் இதை "அப்பா சென்ட்" என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கும், நன்றாகச் சவரம் செய்த முகத்துக்கும் இஸ்திரி போட்ட சட்டைக்கும் இதைப் போல் எதுவும் பொருந்தாது.

பெட்ரோல் பங்க் வாசனை பிடிக்கும் என்று எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டாம், உங்களுக்கென்றே 1988இல் டியோரின் ஃபாரன்ஹைட் வந்திருக்கிறது, வயலட் இலையும் தோலும் சேர்ந்து கிட்டத்தட்ட அந்த வாசனையைத்தான் தருகிறது. சாம்பிராணி பிடித்தவர்கள் சென்ட்டின் வாசனைக் குறிப்பில் பென்சாயின், இன்சென்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

கடல்காற்று வகை இருக்கிறதே, கூல் வாட்டர், 1996இன் ஆக்வா டி ஜியோ, அவற்றைப் பார்த்துச் செய்த எண்ணற்ற டியோடரண்ட்கள். இந்த வகையில் பலவற்றில் காலோன் என்ற பொருள் இருக்கும், முலாம்பழமும் உப்புக்காற்றும் சேர்ந்தது போல் இருப்பது அதனால்தான். 'ஆக்வா', 'மரீன்' என்று போட்ட எதை அடித்தாலும் தலை கனக்கிறது என்றால் காலோன்மீது சந்தேகப்படுங்கள், அந்தக் குடும்பத்தையே விட்டுவிடலாம். இப்போது அலுவலக லிஃப்ட்டில் அடிக்கடி வருவது நீல பாட்டில் வகை, 2010இன் ப்ளூ த ஷனெல், 2015இன் டியோர் சவாஜ். சவாஜில் அம்ப்ராக்ஸான் ஏராளம். நம் கடற்கரையில் அவ்வப்போது பிடிபட்டுச் செய்தியாகும் திமிங்கில எச்சம் அம்பர்கிரிஸ், அதன் மணத்துக்கு மாற்றாக வந்த பொருள் இது. நல்ல சென்ட்தான், ஆனால் உங்களுக்கென்று ஒரு வாசனை தேடுகிறீர்கள் என்றால் இங்கே நிற்காமல் அடுத்ததைப் பாருங்கள்.

பூ வாசனை பெண்களுக்குத்தான் என்று நினைத்து அந்த அலமாரிப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். 1966இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா டியோருக்குச் செய்த ஓ சவாஜ் (மேலே சொன்ன சவாஜ் வேறு) ஆண்களுக்கான சென்ட்தான், அதன் உயிரே மல்லிகையில் இருக்கும் ஒரு வாசனைப் பொருளை ஒட்டிச் செய்த ஹெடியோன். 1994இல் சிகே ஒன் இருபாலருக்கும் என்றே சொல்லி விற்பனைக்கு வந்தது. ரோஜா அத்தர் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போகும் பெரியவர்களை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆண், பெண் என்பதெல்லாம் பெட்டிமேல் அச்சடித்தது, மூக்குக்கு அது தெரியாது.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? காகிதப் பட்டையில் அடித்து முகர்வது வேண்டாததைக் கழிக்க மட்டும்தான், அதை வைத்து வாங்கக் கூடாது. பட்டையில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் எது எதுவென்றே தெரியாது. பிடித்த இரண்டை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு, பணம் கொடுக்காமல், வெளியே வந்துவிடுங்கள். முதல் பத்து பதினைந்து நிமிடம் வருவது பெரும்பாலும் எலுமிச்சை, புதினா போல் சீக்கிரம் பறந்துபோகும் வாசனைகள், விற்பனையாளர் உங்களை அந்த நேரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்வார். உங்களோடு நாள் முழுக்க இருக்கப்போவது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வருவதுதான். வெயிலில் நடங்கள், பஸ்ஸில் ஏறுங்கள், வேர்க்கட்டும், சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது ஒருமுறை முகர்ந்து பாருங்கள், அப்போதும் பிடித்திருந்தால் வாங்கலாம். இடையில் மூக்கு மரத்துப்போனால் கடையில் வைத்திருக்கும் காபிக்கொட்டையால் பெரிய பயன் இல்லை, வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

போட்டு அரைமணியில் உங்களுக்கே வாசனை தெரியவில்லை என்றால் சென்ட் போய்விட்டது என்று முடிவு கட்டி மறுபடியும் அடிக்காதீர்கள். மூக்கு பழகிவிட்டிருக்கும். சிலரால் சில கஸ்தூரி வகைப் பொருள்களை முகரவே முடியாது, அது பிறவியிலேயே அப்படி. வீட்டில் ஒருவரைக் கேளுங்கள், வெளியே இருந்து உள்ளே வருபவராக இருந்தால் இன்னும் நல்லது.

நம் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் எந்த விமர்சனத்தையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய குளிரில் இதமாக இருந்ததாகச் சொல்லும் வெனிலா, டோங்கா என்ற இனிப்பு மண விதை, தேன், சாக்லேட் வகைகள், உதாரணத்துக்கு 1995இன் லெ மால், 2008இன் ஒன் மில்லியன், மே மாதச் சென்னையில் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டும். இவை பிடித்தால் மார்கழிக்கு, ஏசி அறைக்கு, இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே அடி. பகல் வெயிலுக்கு எலுமிச்சை, வெட்டிவேர், இஞ்சி, ஏலக்காய். பாட்டிலில் போட்டிருக்கும் ஈடிடி (ஓ த துவாலெட்), ஈடிபி (ஓ த பர்ஃபம்) என்ற வேறுபாடு வாசனை எண்ணெயின் அளவைப் பற்றியது, பொதுவாக முன்னதில் குறைவு, பின்னதில் அதிகம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பல பிராண்டுகளில் இரண்டும் ஒரே வாசனையின் மெலிந்த, அடர்ந்த வடிவங்கள் அல்ல, கலவையே வேறாக இருக்கும், அதனால் ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதை வாங்காதீர்கள்.

அத்தர் பக்கம் கட்டாயம் ஒருமுறை போய்ப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசல் பக்கம், மண்ணடி, நாகூர் தர்கா தெரு, எங்கேயாவது பொறுமையான கடைக்காரர் ஒருவர் கிடைத்தால் புறங்கையில் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டுவார். மண்வாசனை பிடிக்கும் என்று எழுதியிருந்தால் மிட்டி அத்தர் கேளுங்கள், சுட்ட களிமண்ணை வடித்து சந்தன எண்ணெயில் இறக்குவது. தாழம்பூ பிடித்தால் கேவ்ரா. சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால் இன்று மலிவு அத்தர் பலவற்றில் பாரஃபின் போன்ற வேறு எண்ணெய்தான் அடியில் இருக்கிறது, என்ன எண்ணெய் என்று நேராகவே கேட்டுவிடுங்கள், நல்ல கடைக்காரர் மறைக்க மாட்டார்.

பிடித்துவிட்டது, வாங்கலாம் என்றாலும் 100 மில்லிக்குப் பாய வேண்டாம். டிகான்ட் என்று 5, 10 மில்லி சிறு குப்பிகளில் பிரித்து விற்கிறார்கள், அதை ஒரு மாதம் போட்டுப் பாருங்கள், தீரும்போது மறுபடி வேண்டும் என்று தோன்றினால் அப்போது பெரிய பாட்டில். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பிராண்டைத் தெருவோரத்தில் கால் விலைக்குக் கொடுத்தால் அது அசல் இல்லை. அதைவிட அர்மாஃப், லத்தாஃபா போன்ற துபாய் பிராண்டுகளோ டைட்டனின் ஸ்கின்னோ தன் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்குத் தரும் சென்ட் எவ்வளவோ மேல்.

போடும்போது கழுத்தின் பின்புறம், மார்பு, முழங்கை மடிப்பு, இரண்டு மூன்று அடி போதும், டியோடரண்ட் போல் உடம்பெல்லாம் குளிக்க வேண்டாம். தோல் வறண்டவர்கள் முதலில் வாசனையில்லாத க்ரீம் தடவினால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் அதன் வாசனையும் சேர்ந்துவிடும், தெரிந்துகொண்டு செய்யுங்கள். பெர்கமாட் போன்ற எலுமிச்சை வகை எண்ணெய் உள்ளவற்றை, முக்கியமாக இயற்கை எண்ணெய் அத்தர்களை, வெயில் படும் தோலில் போட்டுக்கொண்டு நேர் வெயிலில் போனால் கருத்த திட்டு விழ வாய்ப்புண்டு, சட்டைக்குள் படும் இடத்தில் போடுங்கள். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டைமேல் அத்தர் படவே கூடாது, கறை போகாது.

பாட்டிலை பாத்ரூம் அலமாரியிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் அதைக் கெடுத்துவிடும், அதன் பெட்டிக்குள்ளேயே போட்டு பீரோவில் வைத்தால் போதும். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று அதிகம் சேர்ந்துவிடும், அதனால் கல்யாணம் காட்சிக்கு ஆகும் என்று அடியில் கொஞ்சத்தை வருடக்கணக்கில் மிச்சம் வைக்காமல் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.