கனவைப் படிப்பது எப்படி: முதலில் உணர்ச்சி, பிறகுதான் பாம்பும் பல்லும்

பாம்பு கொத்தினால் சனி விலகும், பல் விழுந்தால் சாவுச் செய்தி வரும் என்ற பட்டியல் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தப் பட்டியலை முதலில் எடுத்தால் கனவு கண்டவரையே மறந்துவிடுகிறோம். பாம்பென்றால் அலறுகிறவருக்கும், சின்ன வயதிலிருந்தே பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்கும் ஒரே பாம்பு ஒரே பொருளைத் தராது. அந்தப் பாம்பைப் பார்த்தபோது மனசு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முதல் சுற்றில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியும் நேரத்தில் அரை மணி வரைகூடப் போகும். ஆறு மணி வாக்கில் சுபுஹ் பாங்கு கேட்டு விழிப்பவருக்குக் கனவு அப்படியே நினைவில் நிற்பது இதனால்தான். நினைவில் நிற்பது வேறு, பலிப்பது வேறு.

ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எழுபவர் கனவின் நீளமான பகுதியையே இழந்துவிடுகிறார். அதனால் கனவைப் படிக்க நினைப்பவர் முதலில் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுப்பவர்களுக்குக் கணக்கு மாறும். உடலுக்கு அதுவே கனவு நேரம் என்பதால், படுத்த கொஞ்ச நேரத்திலேயே கனவு வந்துவிடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தலைமாட்டில் இருக்கட்டும். கைப்பேசி வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பார்த்தாலே கனவு ஓடிவிடும். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்காமல் ஒரு நிமிடம் அப்படியே கிடங்கள். கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். இடது பக்கத்தில், முதல் வரியில் உணர்ச்சியும் பத்துக்கு எத்தனை என்ற அளவும். அடுத்த மூன்று நான்கு வரிகளில் காட்சி. பல் துலக்கிவிட்டு எழுதலாம் என்று விட்டால், மறந்த இடங்களை மூளை தானாகவே நிரப்பி அழகான கதையாக்கிவிடும். அதற்குப் பொருள் தேடிப் பயனில்லை.

வலது பக்கத்தைச் சாயங்காலத்துக்கு விட்டுவையுங்கள். அங்கே இரண்டு கேள்விகள். நேற்று இதே உணர்ச்சி எங்கே வந்தது? ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடந்த விஷயம் அன்றிரவு கனவில் வராமல், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசரின் பக்கம் இப்படி இருக்கலாம். இடது பக்கம்: ‘பதற்றம், 8. எஸ்பிஎம் பரீட்சை மண்டபம். தாளில் ஒரு கேள்வியும் புரியவில்லை. எல்லாரும் எழுதுகிறார்கள். என் பேனாவில் மை இல்லை.’ வலது பக்கம்: ‘நேற்று: ஒன்றுமில்லை. போன வாரம்: ஆடிட் வருகிறது என்றார்கள். புது ஃபாரம் எப்படி நிரப்புவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கக் கூச்சம்.’ எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து இருபது வருடம் ஆனாலும், தயாராக இல்லாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கு மூளை எடுக்கும் காட்சி பரீட்சை மண்டபம்தான். இங்கே மைக்கும் பேனாவுக்கும் தனித்தனியாகப் பொருள் தேட வேண்டியதில்லை. பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, கனவை வைத்து என்ன செய்வது. 24 மணி நேரத்துக்குள் முடிகிற ஒரே ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு: இந்தக் கனவே வராமல் இருந்தாலும் அந்த வேலை நியாயமானதுதானா? ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று சக ஊழியரிடம் கேட்பது நியாயம். கணவர் ஏமாற்றுவதாகக் கனவு கண்டு காலையில் அவருடைய கைப்பேசியை நோண்டுவது நியாயமில்லை. பல் விழும் கனவு திரும்பத் திரும்ப வந்து, காலையில் தாடையும் வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் டாக்டரிடம் காட்டலாம். இறந்துபோன அம்மா கனவில் வந்து பசிக்கிறது என்றால், அமாவாசைக்குப் படையல் போடுவதில் ஒரு தவறும் இல்லை. துக்கத்துக்கு ஒரு வழி வேண்டும், நம் வழக்கத்திலேயே அது இருக்கிறது.

கனவை நாலு நம்பர் லாட்டரி எண்ணாக மாற்றுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள்; ஒரு குலுக்கலில் பரிசு 23 எண்களுக்கு. கனவில் வந்த கார் நம்பருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட நம்பருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். எண்ணைத் தேடும் அவசரத்தில் கனவின் உணர்ச்சி பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. பணத்தைவிட அந்த இழப்புதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால் எழுதி வைப்பது மட்டும் போதாது, அதை மாற்றி எழுத வேண்டும். பினாங்கின் 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் கனவு ஒருவருக்கு விடாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவைச் சுருக்கமாக எழுதட்டும். பிடிக்காத இடத்தில் நிறுத்தி வேறு முடிவு கொடுக்கட்டும்: தண்ணீர் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறது, பக்கத்து வீட்டார் படகோடு வருகிறார்கள். புது முடிவை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனசில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பழையதை அல்ல. சில வாரம் விடாமல் செய்தால் பலருக்குக் கனவு வருவது குறைகிறது. மிகக் கொடூரமான கனவில் தொடங்காதீர்கள். ஓரளவு தாங்கக்கூடியதில் தொடங்குங்கள். விபத்து, அடி, வன்முறையிலிருந்து பிறந்த கனவுகளைத் தனியாகத் தொட வேண்டாம், ஆலோசகர் பக்கத்தில் இருக்கட்டும்.

விழித்த பிறகும் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவதை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள், மலாய்க்காரர்கள் கெனா திண்டிஹ் என்பார்கள். கனவுக் கட்டத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும். அது முடிவதற்குள் மூளை விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். விரல் நுனியை அசைக்கப் பாருங்கள். மல்லாக்கப் படுப்பதும் தூக்கம் கெடுவதும் இதைக் கூட்டும்.

புது மருந்து தொடங்கியதும் கனவுகள் திடீரென்று பயங்கரமானால் மருந்தையும் சந்தேகப்பட வேண்டும். ப்ரோப்ரனலோல் போன்ற இதய மருந்துகளும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிய நோட்டோடு டாக்டரிடம் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர் தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப உதைத்தாலோ குத்தினாலோ அதைத் தள்ளிப்போடக் கூடாது. அது சில சமயம் பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முந்திய அறிகுறி. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பார்த்தவர் அவர்தான்.