ரகசியச் செயற்கைக்கோளைத் தேடுபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

2010 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க விமானப்படை எக்ஸ்-37பி என்ற ஆளில்லா விண்ணோடத்தை ஏவியது. அது எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று சொல்லவில்லை. சுமார் ஒரு மாதத்தில் அமெச்சூர் வானோக்கர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: உயரம் சுமார் 400 கி.மீ., சாய்வு (பாதையின் தளம் பூமத்திய ரேகையோடு உண்டாக்கும் கோணம்) 40 டிகிரி. பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும் இருந்தால் நீங்களும் இதில் இறங்கலாம். ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது கடிகாரத்திடம்தான்.

அந்த உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு 7.7 கி.மீ. ஓடுகிறது. தலைக்கு மேலே வரும்போது ஒரே விநாடியில் இரண்டு முழுநிலா அகலத்தைத் தாண்டிவிடும். உதாரணமாக, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புவாரில் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அந்த ஒளிப்புள்ளி நுழைகிற கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். "ஏழு பத்து வாக்கில் பார்த்தேன்" என்ற குறிப்பை வைத்து எந்தப் பாதையையும் கணக்கிட முடியாது. பத்தில் ஒரு விநாடி வரை துல்லியம் வேண்டும்.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதும்போது நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 5 மணி 30 நிமிடத்தைச் சரியாகக் கழித்துவிடுவார்கள், தேதியை மறந்துவிடுவார்கள். 10-ஆம் தேதி விடிகாலை 4.50-க்குப் பார்த்தது, யுடிசியில் 9-ஆம் தேதி 23.20. அப்புறம், நின்று பார்த்த இடத்தைக் குறிக்க ஊர்ப் பெயர் மட்டும் போதாது. அட்சரேகையில் 0.01 டிகிரி பிசகினாலே 1.1 கி.மீ. தள்ளிப்போகும்.

நடுராத்திரியில் தேடாதீர்கள். தாழ்வான பாதையில் இருப்பவை அப்போது பூமியின் நிழலுக்குள் இருக்கும். அந்தியும் விடியலும்தான் நேரம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அநேகமாக விமானம். மின்னாமல் ஒரே சீராக நகர்ந்தால், முதலில் செயற்கைக்கோள்களின் வெளிப்படையான பட்டியலில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும்.

கணித்த நேரத்துக்குச் செயற்கைக்கோள் வரவில்லை என்று உடனே மூட்டை கட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2010 ஜூலை இறுதியில் எக்ஸ்-37பி திடீரென்று காணாமல் போனது. ஆகஸ்ட் நடுவில் மறுபடி அகப்பட்டபோதுதான் தெரிந்தது, பாதையைச் சுமார் 30 கி.மீ. உயர்த்தியிருக்கிறார்கள் என்று. உயரம் கூடினால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடும். செயற்கைக்கோள் தாமதமாக வரும். அதே தடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். வெறும் வானத்தைப் பார்த்ததையும் குறித்துவையுங்கள். 'இந்நேரம் முதல் இந்நேரம் வரை எதுவும் வரவில்லை' என்பதும் நல்ல தகவல்தான்.

பாதை தெரிந்தவுடன் நோக்கமும் தெரிந்துவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. 2012 தொடக்கத்தில், இரண்டாவது எக்ஸ்-37பி சீனாவின் விண்வெளி ஆய்வகமான தியான்கோங்-1-ஐ வேவு பார்க்கிறது என்ற பேச்சு எழுந்தது. இரண்டின் சாய்வும் ஏறக்குறைய 43 டிகிரி என்பது உண்மை. சரி, சாய்வு ஒன்றாக இருந்தால் போதுமா? பாதைத் தளங்கள் வெவ்வேறு திசையில் திரும்பியிருந்தன. பாதைகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றையொன்று விநாடிக்குப் பல கி.மீ. வேகத்தில் தாண்டிப் போயின. அதைக் காட்டிக்கொடுத்தது, அமெச்சூர்கள் ஸ்டாப்வாட்சை அழுத்தி அழுத்திச் சேர்த்த பாதைக் கணக்குதான்.