இரண்டு தொலைதூர நகரங்களுக்கு இடையே விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்? நாமே கணக்குப் போடலாம்

டிக்கெட்டில் மாலை 7 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் மாலை 6 மணிக்கு வந்து சேரும் என்று இருந்தால், பயணம் 23 மணி நேரம் என்று நினைத்துப் பயந்துவிடுகிறோம். உண்மையில் அது 14 மணி நேரமாக இருக்கலாம். லண்டன், டோக்கியோ இரண்டையும் வைத்தே கணக்கைப் பார்ப்போம்.

படி 1: தூரம்

தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைக்காதீர்கள். அந்த நேர்கோட்டின்படி போனால் 11,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, நார்வே, பின்லாந்து, சைபீரியா என்று சுற்றிப் போகும். பார்த்தால் சுற்றுவழி மாதிரி இருக்கும்; ஆனால் அதுதான் குறுக்குவழி. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இப்போது நூலின் நீளத்தை உருண்டையின் நிலநடுக்கோட்டுச் சுற்றளவால் வகுத்து, 40,000-ஆல் பெருக்குங்கள் (பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.). 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் சுற்றளவு சுமார் 94 செ.மீ., நூல் 22.5 செ.மீ. வரும். விடை ஏறக்குறைய 9,570 கி.மீ. கணிப்பொறியில் சூத்திரம் போட்டால் 9,560. நூலுக்கு இது போதாதா!

படி 2: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 9,560-ஐ 900-ஆல் வகுத்தால் 10 மணி 37 நிமிடம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரம் சேருங்கள். சுமார் 11 மணி நேரம்.

படி 3: வானத்து நிலவரம்

இங்கேதான் கணக்கு இடறும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று பலமாக வீசுகிறது. அதனால் டோக்கியோ போகும்போது நேரம் மிச்சமாகும், திரும்பும்போது கூடும். அதைவிடப் பெரிய விஷயம் வான்வெளித் தடை. 2022-க்கு முன் இந்தப் பயணம் சுமார் 12 மணி நேரம்தான். உக்ரைன் போருக்குப் பிறகு பல நாட்டு விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறப்பதில்லை; சுற்றிப் போவதால் 14 மணி நேரத்தை ஒட்டி வந்துவிடுகிறது. நூல் காட்டும் வழி எப்போதும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

படி 4: கடிகாரம்

குளிர்காலத்தில் டோக்கியோ, லண்டனைவிட 9 மணி நேரம் முந்தியது, கோடையில் 8. கிழக்கே போனால் கடிகார வித்தியாசத்தில் இதைக் கழியுங்கள்: 23 − 9 = 14. திரும்பும்போது கூட்ட வேண்டும். டோக்கியோவில் காலை 11-க்குக் கிளம்பி, அதே நாள் மாலை 4.30-க்கு லண்டனில் இறங்கினால், ஐந்தரை மணி நேரப் பயணம் என்று ஏமாறாதீர்கள். 5.30 + 9, பதினாலரை மணி நேரம்.